ஓசூர் முதல் தொப்பூர் வரை: எந்த இனிப்பை எங்கே வாங்கலாம், எது காரில் தாங்கும்?

நெடுஞ்சாலை44 (கேள்வி)

வணக்கம். ஜூன் கடைசி வாரம் பெங்களூரிலிருந்து சேலம் வரை காரில் வருகிறோம். சனிக்கிழமை காலை ஓசூர், இரவு கிருஷ்ணகிரியில் தங்கல். ஞாயிறு காவேரிப்பட்டணம், தருமபுரி. திங்கள் ஒகேனக்கல் பார்த்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பி, தொப்பூர் வழியாகச் சேலம். தம்பி குடும்பம் சென்னையிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியாக வந்து கிருஷ்ணகிரியில் சேர்ந்துகொள்ளும். பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் மூவர்.

மைசூர்பாகும் லட்டும் எந்த ஊர் பேக்கரியிலும் கிடைக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கே உரிய இனிப்பு எது, அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் கேட்டால் கிடைக்கும்? ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு நாள் தாங்குவது எது? பிடித்துப்போனால் வீட்டில் செய்து பார்க்க அளவும் சொன்னால் உதவியாக இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. வெல்லத்தில் செய்தது என்றால் அவர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

தென்பெண்ணைக்கரை

முதலில் அப்பா விஷயம். வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரை போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகும் மாவுச்சத்துதான், மாவாக நைசாக அரைத்து வெல்லத்தோடு சேர்த்தால் நல்ல வேகத்திலேயே ஏறும். “ராகி உருண்டை, வெல்லம் போட்டது, ஒன்றும் ஆகாது” என்று கடையில் சொல்வதை நம்பி நாலு உருண்டை கொடுத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் அரை உருண்டை, அதுவும் அவருடைய மருத்துவர் சொன்ன கணக்குக்குள். பயணத்தில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் என்பதால் மாத்திரை நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் வரிசை. உங்கள் வழி இறக்க வழி. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. கிருஷ்ணகிரி தாண்டியதுமே வெயில் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஓசூரில் நன்றாக இருக்கும் நெய் இனிப்பு தருமபுரி வருவதற்குள் டப்பாவில் உருகி, ஆறும்போது வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டும். கெட்டுப்போகாது, ஆனால் வாயில் மணல் மணலாக இருக்கும். பால் இனிப்பு நிஜமாகவே கெடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தொடும், தாண்டவும் செய்யும். ஒகேனக்கலில் மூன்று மணி நேரம் வண்டியை நிறுத்தினால் பால்கோவா கெட்டுப்போக வாய்ப்புண்டு.

ஈரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒப்பட்டு (போளி), சிமிலி (ராகி அடையை வெல்லம், வேர்க்கடலையோடு இடித்துப் பிடித்த உருண்டை), தேங்காய்ப் பூரணம் வைத்த எதுவும் ஈரமான சாமான். வாங்கிய அன்றே சாப்பிட வேண்டும். கஜ்ஜாயம் (அரிசிமாவை வெல்லப்பாகில் பிசைந்து சுடுவது), கர்ச்சிக்காய் (சோமாசி) இரண்டும் எண்ணெயில் வெந்தவை, ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை, கமர்கட் ஆகியவை பாகு முற்றியவை; காற்றுப் புகாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இவற்றுக்கு எதிரி சூடு அல்ல, ஈரக்காற்று. ஒகேனக்கலில் அருவிச் சாரல் அடிக்கும் இடத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் பொரி உருண்டை பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து நேரே தருமபுரிக்குப் போகாதீர்கள். அன்று போச்சம்பள்ளி வாரச்சந்தை. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கி.மீ. ஆடு மாடு, தேங்காய், புளி, தானியம் எல்லாம் வரும் பெரிய சந்தை. பலகாரக் கடைகளில் ஜிலேபி, சேவு, பூந்தி, கடலை உருண்டை எல்லாம் அங்கேயே அடுப்பு வைத்துப் போடுவார்கள். 10 மணிக்குள் போய்விடுங்கள். நடுப்பகலில் எண்ணெய் பல முறை காய்ந்து கருத்திருக்கும். சட்டியை எட்டிப் பார்த்தாலே நுரை தெரியும். நுரை அடங்காமல் பொங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம். திரும்பும்போது பாரூர் வழியாகக் காவேரிப்பட்டணம் வந்தால் தென்னந்தோப்பு வழி, பார்க்கவும் அழகு. (நாள் மாறி செவ்வாய்க்கிழமை வந்தால் காரிமங்கலம் சந்தை உண்டு.)

காவேரிப்பட்டணத்தில் இனிப்பைவிட நிப்பட்டுதான் பேர்போனது. அரிசி மாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டிப் போடுவது. இனிப்புப் பயணத்தில் இடையிடையே காரம் இல்லாவிட்டால் மூன்றாவது கடையிலேயே நாக்கு சலித்துவிடும், ஆகவே அரை கிலோ வாங்கி வையுங்கள். நுனியை உடைத்துப் பாருங்கள். “படக்” என்று உடைய வேண்டும். வளைந்து உடைந்தால் நேற்றையதோ முந்தாநாளையதோ.

தம்பி வரும் வழியில் ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறது. கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம் பொடித்து வைத்து, நெய்யிலோ எண்ணெயிலோ பொரித்து, பாகில் ஊறவைப்பது. பாகோடு டப்பாவில் தருவார்கள். சாய்ந்தால் சீட்டெல்லாம் பிசுபிசுப்பு. பாகை வடித்துத் தரச் சொல்லி, சிறு புட்டியில் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் பிரியாணிக்கடைகளில் பிரட் அல்வாவும் கிடைக்கும். அதைக் கட்டி எடுத்து வர வேண்டாம், அங்கேயே சூடாகச் சாப்பிட வேண்டியது.

ஓளிகே_ஓசூர்

ஓசூரில் கேட்க வேண்டியது ஒப்பட்டு. யுகாதி சமயத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும். மற்ற நாட்களில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் கல் போட்டுச் சுடும் கடைகளில் கிடைக்கும். காலையில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீங்க, அது முந்தின நாள் சுட்டதாக இருக்கலாம். பருப்பு ஒப்பட்டு, தேங்காய் ஒப்பட்டு இரண்டில் தேங்காய்தான் முதலில் கெடும். சனிக்கிழமை காலையிலேயே ஓசூரைத் தாண்டுவதாக இருந்தால் பருப்பு ஒப்பட்டு மட்டும், கண் முன்னால் சுட்டது, அந்த வேளைக்குத் தேவையான அளவு.

வீட்டில் செய்ய, 12 முதல் 15 வரை வரும் கணக்கு:

மேல்மாவுக்கு மைதா 150 கிராம், சிரோட்டி ரவை (மிக நைசான ரவை) 100 கிராம், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் ஒட்டும் பதத்தில் பிசைந்து, 4 அல்லது 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, மூடி 2 மணி நேரம் ஊற விடணும். இந்த ஊறலைக் குறைத்தால் மாவு இழுபடாது, தட்டும்போது கிழியும்.

பூரணத்துக்குத் துவரம்பருப்பு 250 கிராம், வெல்லம் 200 முதல் 250 கிராம், ஏலக்காய் 5. எங்க பக்கம் துவரைதான். கடலைப்பருப்பில் செய்தால் கொஞ்சம் கனமாக இருக்கும். பருப்பைக் குக்கரில் போடாதீங்க. திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் ஆனால் உருவம் கலையாத நிலையில் இறக்கி, உடனே வடிகட்டணும். பூரணம் தண்ணியாகப் போவதற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் இந்த இடத்தில் பருப்பு குழைந்துவிட்டதுதான். குழைந்த பருப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை கிளறினாலும் இறுகாது. வடித்த பருப்பில் பொடித்த வெல்லம் போட்டு, சட்டியின் ஓரம் விட்டு வரும் வரை கிளறி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்கணும். ஆறினால் மிக்சி சுற்றாது, தண்ணீர் விடத் தோணும், விட்டால் போச்சு.

மாவு உருண்டையைவிடப் பூரண உருண்டை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எண்ணெய் தடவிய வாழை இலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, மெதுவாக இலையை உரிக்கணும். மிதமான தீ. சுட்டு எடுத்ததும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஆவி வேர்த்து ஒட்டிக்கொள்ளும். துணி மேல் பரப்பி ஆறவிட்டுத்தான் அடுக்கணும். கடையில் வாங்கும்போதும் இதே விதிதான். சூடாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தால் வாங்கியதும் கவரைத் திறந்து விடுங்க. நியூஸ்பேப்பரில் மடித்துத் தந்தால் வேண்டாம்னு சொல்லிடுங்க, எண்ணெயில் மை ஊறும்.

பருப்பு வடித்த தண்ணீரைக் கொட்டிடாதீங்க. ஒரு பிடி பூரணத்தை அதில் கரைத்து, புளி, சாம்பார்ப்பொடி, தாளிப்புப் போட்டால் ஒப்பட்டுச் சாறு. சோற்றுக்கு அதுதான் அன்றைய குழம்பு.

மண்டித்தெரு

ஜூன் கடைசியில் வருவது நல்ல நேரம்தான், ஆனால் எல்லா மாம்பழமும் இருக்காது. செந்தூராவும் அல்போன்சாவும் முடியும் கட்டம், விலை ஏறியிருக்கும், பழம் சிறுத்திருக்கும். பெங்களூராவும் நீலமும் நன்றாக இருக்கும். மல்கோவா அதிர்ஷ்டம் இருந்தால். நீலம் வாங்கினால் கண்டிப்பாக அறுத்துப் பார்த்துக் கொடுங்கள். கொட்டைக்குள் வண்டு இருக்கும், வெளியில் ஒரு ஓட்டைகூடத் தெரியாது. குழந்தைகளை அப்படியே கடிக்க விட வேண்டாம்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதாது. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் முகர்ந்தால் மணமே இல்லாமல், அறுத்தால் கொட்டையை ஒட்டிய சதை வெளிறிப் புளித்தால் சந்தேகம்தான். கால்சியம் கார்பைடுக்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயு அறையில் பழுக்கவைக்க அனுமதி உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்பட வேண்டாம். பாதுகாப்பான வழி, அரைக்காயாகப் பெட்டி வாங்கி, வைக்கோலோடு வீட்டில் வைப்பது. மூன்று முதல் ஐந்து நாளில் பழுக்கும். காரில் டிக்கியில் அழுத்தி அடுக்கினால் கீழ்ப்பழம் கன்றிவிடும், ஒரு வரிசைக்கு மேல் வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த மாவட்டத்தின் பெரிய தொழில் அது. பெரிய டின் 3.1 கிலோ, பெங்களூரா, அல்போன்சா இரண்டிலும் வரும். லேபிளில் இனிப்புச் சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். பாயசம், குல்ஃபிக்கு அல்போன்சா. பெங்களூராவில் புளிப்பு அதிகம், சூடான பாலில் ஊற்றினால் திரியும். எதுவானாலும் பால் நன்றாக ஆறிய பின்தான் கூழ். அல்வாவுக்குப் பெங்களூராவே போதும்: கூழ் 1 கிலோ, சர்க்கரை 350 கிராம், நெய் 100 கிராம், அடிகனமான வாணலி. தண்ணீர் வற்றும்வரை சுமார் 40 நிமிடம் கிளற வேண்டியிருக்கும். சர்க்கரையை முதலிலேயே போட்டால் சீக்கிரம் அடிபிடித்துக் கருக்கும். கூழ் பாதியாகச் சுண்டிய பின் போடுங்கள். டின்னைத் திறந்தால் மீதியை அதே டின்னில் வைக்கக்கூடாது, வேறு டப்பாவுக்கு மாற்றி ஃபிரீசரில் வைக்க வேண்டும். அதனால் பயணத்தில் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வெல்லம் பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கம் ஆலை ஓடும் சமயத்தில் நேரில் வாங்கலாம். பளிச்சென்ற வெளிர்மஞ்சள் உருண்டையைத் தேடாதீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு வெளுத்தது, நாக்கில் லேசாகக் கரிக்கும். பழுப்பு நிறத்தில், உடைத்தால் உள்ளே பொடிப்படிகம் மின்னுவது நல்லது. உருண்டையைத் தட்டினால் ‘டண்’ என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். பிசுபிசுத்தால் பாகு முற்றவில்லை, மழைக்காலத்தில் கசிந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் புளி மிட்டாயும் வாங்குங்கள். புளி, வெல்லம், உப்பு, மிளகாய், சீரகம் இடித்தது. தொப்பூர்க் கணவாயில் வளைவுகளில் குழந்தைகளுக்கு வயிற்றைப் புரட்டினால் இது கை கொடுக்கும்.

நெடுஞ்சாலை44

எல்லாருக்கும் நன்றி. போச்சம்பள்ளியைச் சேர்த்துவிட்டோம். அப்பாவிடமும் சொல்லியாயிற்று. இரண்டு கேள்வி. சிமிலி கடையில் கிடைக்குமா? கஜ்ஜாயமும் அதிரசமும் ஒன்றுதானா, வீட்டில் போட்டால் எண்ணெயில் கரைந்து போகிறதே, ஏன்?

கேவுரு_களி

சிமிலி கடைப் பண்டம் இல்லீங்க. வீட்டில் இடித்துச் சாப்பிடுவது. தருமபுரியில் சிறுதானியப் பலகாரம் விற்கும் மகளிர் குழுக் கடைகளில் சில சமயம் இருக்கும். காலையில் போனால் கேட்டுப் பாருங்க. அங்கே பெரும்பாலும் கிடைப்பது நெய் விட்டுப் பிடித்த ராகி லட்டு. அது வேறு. ராகி லட்டு மாவை வறுத்துப் பிடிப்பது, ஒரு வாரம் இருக்கும். சிமிலி வேகவைத்த ராகி, ஈரம் உண்டு, ராத்திரி தாண்டினால் வாடை வரும்.

செய்வது சுலபம். கேழ்வரகு மாவு 2 டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தடிமனாக அடை தட்டி, எண்ணெய் விடாமல் கல்லில் மூடிபோட்டு இரண்டு பக்கமும் வேகவிடணும். வேர்க்கடலை 1 டம்ளர் வறுத்துத் தோல் ஊதி எடுங்க. எள் 2 மேசைக்கரண்டி வெறும் சட்டியில் பொரியவிடுங்க. வெல்லம் 1 முதல் 1¼ டம்ளர். அடை சூடாக இருக்கும்போதே பிய்த்துப் போட்டு, வெல்லத்தையும் சேர்த்து இடிக்கணும். சூட்டில்தான் வெல்லம் இளகி மாவைப் பிடிக்கும். ஆறின அடையை இடித்தால் உதிரி உதிரியாகப் போகும், உருண்டை நிற்காது. அப்போ நெய் ஊற்றிச் சரிக்கட்டப் பார்ப்பாங்க, எண்ணெய்ப் பிசுக்குதான் மிஞ்சும். உரல் இல்லாட்டி மிக்சியில் விட்டுவிட்டு அடிங்க. கடலையைக் கடைசியில் போடுங்க, முதலில் போட்டால் எண்ணெய் கக்கும்.

அடை உள்ளே வேகவில்லைன்னா பச்சை மாவு வாடை அடிக்கும், அதை அப்புறம் சரிசெய்ய வழியில்லை. அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம்.

கஜ்ஜாயம்னு ஓசூர், தளிப் பக்கம் சொல்வது அதிரசத்தைத்தான். எண்ணெயில் பிரிந்து போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பாகு இளசு. இரண்டு, அரிசி காய்ந்துபோனது. பச்சரிசி 1 கிலோவை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியணும் ஆனால் ஒட்டக்கூடாது என்ற நிலையில் அரைக்கணும். கடை அரிசிமாவு காய்ந்தது, அதில் வரவே வராது. வெல்லம் 750 கிராம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டை ஆகணும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் எண்ணெயில் பிரியும், தாண்டினால் கல்லாகும். மாவைப் பாகில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறணும், மொத்த மாவும் பிடிக்கணும்னு கட்டாயம் இல்லை. தளர்வாக இருக்கும்போதே நிறுத்திடுங்க, ஆறும்போது இறுகும். மேலே நெய் தடவி மூடி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்துச் சுடுங்க. அன்றைக்கே சுட்டால் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும்.

பிரியும் மாவு கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கை ஈர அரிசிமாவு சேர்த்துப் பிசைந்து, ஒன்று மட்டும் போட்டுப் பாருங்க. இறுகிப் போன மாவுக்குக் காய்ச்சி ஆறின பால் ஒரு கரண்டி தெளித்துப் பிசையலாம், ஆனால் அப்படிப் போட்டதை இரண்டு நாளில் தீர்த்துடணும்.

சுடும்போது தீ மிதம். எண்ணெய் புகைந்தால் கருகும், காயாவிட்டால் குடித்துக்கொள்ளும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட்டுத்தான் தட்டில் போடணும். கடையில் வாங்கும்போது தாளில் வைத்து அழுத்திப் பாருங்க, எண்ணெய் வட்டம் பெரிதாக விரிந்தால் பிழியாமல் எடுத்தது. நாலு நாளில் சிக்கு வாடை வரும்.

தென்பெண்ணைக்கரை

கேவுரு சொன்னதோடு சாமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைப்பக்கம் விளைவது. பாயசத்துக்கு அரை டம்ளர் சாமையைக் கல் அரித்து, லேசாக வறுத்து, 2 டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, கரைத்து வடிகட்டிய வெல்லம் முக்கால் டம்ளர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய பின்தான் 1 டம்ளர் தேங்காய்ப்பால். பசும்பால் என்றால் இன்னும் ஆறட்டும். வெல்லம் கொதிக்கும்போது பால் விட்டால் திரிந்துவிடும். உமி நீக்கிய சாமை நாளானால் கசக்கும், அதனால் மோந்து பார்த்து, இரண்டு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்.

பால் இனிப்பு கண்டிப்பாக வேண்டும் என்றால் திங்கள் மாலை தருமபுரியில் வாங்குங்கள், ஒகேனக்கல் போகும் முன் அல்ல. உதிரியாக விற்கும் இனிப்புக்கு முன்னால் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். அந்தத் தேதியும் கடையின் குளிர்ப்பெட்டியில் இருந்தால்தான் பொருந்தும், உங்கள் காருக்கு அல்ல. ஐஸ் பெட்டி வைத்திருந்தால் ஐஸை மேலே வையுங்கள். குளிர் கீழே இறங்கும். டப்பாவை ஒரு கவரில் கட்டி வைக்காவிட்டால் உருகிய தண்ணீர் உள்ளே இறங்கும். தொப்பூர் இறக்கத்தில் பெட்டி முன்னால் சறுக்கும், கனரக லாரிகள் நிறைய ஓடும் வழி. இனிப்புப் பெட்டியை ஓட்டுநர் காலருகில் போகும்படி வைக்காமல், பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடையே தரையில் இறுக்கி வையுங்கள்.